பதினான்காம் தட்டு

“அந்தக் கண்ணு யாரோடது, அம்முணி?”

ஆய்வகக் கதவை விட்டு அர்த்தநாரி நகர்வதாக இல்லை. ஜேடர்பாளையத்தில் அறுபது ஏக்கருக்கு உரியவர். சொட்டுநீர்க் குழாய் கழுவும் அமிலம் தெறித்ததில் அவருடைய வலக்கண் பாலாடை படிந்ததுபோல் வெளுத்துவிட்டது. அஸ்தம்பட்டியின் இந்தச் சிறிய கண் மருத்துவமனைதான் அவருக்கு மிஞ்சிய ஒரே நம்பிக்கை.

“பதினாலாம் நம்பருங்க. எங்களுக்கு நம்பர் மட்டுந்தான் தருவாங்க,” என்றாள் ஆய்வகப் பணியாளர் இலக்கியா.

“நம்பர வெச்சு நான் என்ன பண்றது? எந்த ஆளுங்கன்னு தெரியோணும்.”

“நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல எல்லாம் இருக்குமே. படிக்கலீங்களா?”

“படிக்கறது குமாஸ்தா வேலை. நான் கையெழுத்துதான் போடுவேன்.”

பதினான்காம் கண்ணாடித் தட்டில் பதினொரு நாளாகக் கண்ணிலிருந்து எடுத்த குருத்தணுக்கள் வளர்ந்துகொண்டிருந்தன. இன்னும் மூன்று நாளில் அவை முழுப் படலமாகி அவர் கண்ணில் ஒட்டப்பட வேண்டும். அதுவரை அவற்றைக் காவல் காப்பதே இலக்கியாவின் பணி. சாயம் இல்லை, ஊசி இல்லை. மெல்லிய ஒளியைப் பாய்ச்சினால் அணுக்கள் தாமாகவே மினுங்கி மறுமொழி சொல்லும். எது இன்னும் குருத்து, எது படலமாகிவிட்டது என்பதை அந்த மினுக்கமே காட்டிவிடும். தொடாமல் பார்ப்பதற்கு மனிதன் எத்தனை காலம் உழைத்து ஒரு கருவி செய்தான். தொடாமல் ஒதுக்குவதற்கோ, அவனுக்குக் கருவியே தேவைப்படவில்லை.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா பெருமாயி நிமிர்ந்தாள். “ஏனுங்க, அது வந்து…”

“நீ தள்ளி நில்லு. உங்கிட்ட யாரு கேட்டா?” என்றார் அர்த்தநாரி. பெருமாயி வாயை மூடிக்கொண்டு தள்ளி நின்றாள்.

கண்ணால் பார்த்தால் மனம் ஆறும் என்று நினைத்த இலக்கியா, விதியை மீறி அவரை உள்ளே அழைத்துத் திரையைக் காட்டினாள்.

“நடுவுல பளிச்சுனு இருக்கறதெல்லாம் மாறிடுச்சுங்க. ஓரத்துல மங்கலா இருக்கறது இன்னும் மாறல.”

அர்த்தநாரி ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தார். “அப்ப ரெண்டு சாதி கலந்திருக்குது.”

“எல்லாம் ஒரே ஆளுகிட்ட எடுத்ததுதாங்க.”

“ஒரே ஆளுன்னா எதுக்கு ரெண்டு நெறம்? ஓரத்துல ஒதுங்கி நிக்கறது யாருன்னு எனக்குத் தெரியாதா?”

தான் என்னவாவதென்று இன்னும் முடிவு செய்யாத உயிர்த்துளி அது. பிரிவினை அறியாத அதனிடமும் சாதி கேட்டு நின்றது அறுபது ஏக்கர்.

வேறு வழி தெரியாமல் இலக்கியா பொய் சொன்னாள். “உங்க ஆளுங்கதானுங்க.”

அவர் முகம் மலர்ந்தது. “அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? எந்தக் கூட்டம்?”

காலையில் பேருந்திலிருந்து பார்த்த கோயில் விழாச் சுவரொட்டி நினைவுக்கு வந்தது. அதிலிருந்த ஒரு குலக் கூட்டத்தின் பெயரைச் சொன்னாள்.

மலர்ந்த முகம் கறுத்தது. “அவங்களா? வாய்க்கால் தகராறுல மூணு தலைமுறையா அவங்க ஊட்டுல பச்சத்தண்ணி குடிச்சதில்ல. அவங்க கண்ணுலயா நான் என் காட்டப் பாக்கோணும்?”

“மன்னிச்சுக்கங்க ஐயா, பொய் சொல்லிட்டேன். யாருன்னு எனக்கு நெசமாவே தெரியாது.”

“சொல்ல முடியாத ஆளுங்க. அதான் மறைக்கறீங்க.”

“டாக்டரையே கூட்டிட்டு வந்துடறேங்க. அதுவரைக்கும் எதையும் தொட்டுடாதீங்க.”

“அதை நான் எதுக்குத் தொடறேன்?” என்றார் அவர்.

சொன்ன சொல் தவறவில்லை. விரல் படாமல் தோள்துண்டால் தட்டின் மூடியைத் தூக்கினார். அறுவை நாளுக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த காவிரித் தீர்த்தத்தைப் புட்டியோடு கவிழ்த்தார்.

டாக்டர் கலையரசனோடு இலக்கியா ஓடிவந்தபோது, திரையில் ஒளிப்புள்ளிகள் ஒவ்வொன்றாய் அணைந்துகொண்டிருந்தன. பளிச்சென்றிருந்தவை, மங்கலாயிருந்தவை என்ற பேதமின்றி எல்லாம் ஒரே இருளாயின.

“தீட்டக் கழிச்சுட்டேனுங்க. இனி எடுத்து ஒட்டுங்க,” என்றார் அர்த்தநாரி.

“எல்லாம் செத்துப்போச்சுங்க,” என்றார் டாக்டர்.

“போனாப் போகுது. நல்ல ஆளாப் பாத்து வேற எடுங்க.”

“இனி எடுக்க முடியாதுங்க.”

“ஏன், நாட்டுல ஆளா இல்ல?”

கதவோரம், அர்த்தநாரி வகுத்துக் கொடுத்த தூரத்தில் ஓரடியும் குறையாமல் நின்றபடி பெருமாயி சொன்னாள்:

“அது உங்க இடக்கண்ணுல கடுகளவு கிள்ளுனதுதானுங்க சாமி, நீங்க மயக்கத்துல கெடக்கையில தலையப் புடிச்சிருந்தவ நானுங்க.”