ஒல்லாந்தர் காலத்துக் களிம்பு டொக்டர்

கண்டிப் பக்கம் கலஹா பஸ் தரிப்பிடத்தில் களிம்பு விற்றவரைப் போல நேர்மையான போலி வைத்தியர் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்க முடியாது. எல்லோருக்கும் அவர் 'களிம்பு டொக்டர்'. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் போத்தல் கழுவியதுதான் அவர் படித்த வைத்தியம்.

அவரிடம் இருந்தது ஒரேயொரு பச்சைக் களிம்பு. அட்டைக்கடிக்குக் காலில் பூசுவார், தலையிடிக்கு நெற்றியில், வயிற்றுக்குத்துக்குத் தொப்புளைச் சுற்றி. மாமியார் தொல்லை என்று அழுதுகொண்டு வந்தவளுக்கும் ஒரு டப்பா கொடுத்தார். "இத மாமியாருக்குக் கால்ல தேச்சு விடும்மா. ஒரு வாரத்துல சரியாயிரும்." சரியாகியும் விட்டதாம். அவர் கூவி விற்கத் தொடங்கினால் பஸ் ஹோர்ன் எடுபடாது.

தபால் கந்தோரில் வேலை பார்த்த எனக்கு வாய் சும்மா இருக்காது. "உங்களைப் போல ஆக்களை இங்கிலீசிலை குவாக் எண்டு சொல்லுறவை," என்றேன் ஒருநாள். "ஒல்லாந்துச் சொல்லாம். கத்திக் கத்திக் களிம்பு விக்கிற ஆள் எண்டுதான் முதல் கருத்து. பிறகுதான் போலி வைத்தியருக்கு வந்தது."

கோபிப்பார் என்று பார்த்தால், முகம் மலர்ந்துவிட்டது.

"ஒல்லாந்துக்காரன் காலத்துலயே நம்ம தொழில் இருந்திருக்குங்களா? மொதல் அர்த்தத்த மட்டும் எழுதிக் குடுங்க ஐயா. பின்னாடி வந்தது நமக்கு வேணாம்."

மறுவாரமே பலகை தொங்கியது: 'குவாக். ஒல்லாந்தர் காலத்துத் தொழில்.' ஒல்லாந்தர் ஆள முடியாத கண்டிச் சீமையில் அவர்களுடைய சொல் கொடிகட்டிப் பறந்தது. சனம் அதைப் பெரிய பட்டமென்று நம்பி, முன்னைவிட இரண்டு மடங்கு கூடியது.

பிறகு தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. ஊரடங்கின் இரண்டாம் நாள் என் மனைவி வயிற்று வலியில் சுருண்டு விழுந்தாள். செய்தி கேட்டுக் கொல்லைப்புறமாக வந்து சேர்ந்தார் களிம்பு டொக்டர். வாசலில் அக்கம்பக்கத்தார் பத்துப் பேர். எல்லோரும் அவருடைய களிம்பைப் பூசியவர்கள்.

"ஏதாவது தாங்கோ," என்று கெஞ்சினேன்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பையைத் திறக்கவில்லை.

"இதுக்கு என்கிட்ட மருந்து இல்லீங்க. நான் டொக்டர் இல்லீங்க ஐயா."

வாசல் வரை கேட்கும்படி சொன்னார். அவருடைய பிழைப்பு அந்த நிமிடமே போயிற்று. எனக்கோ ஆத்திரம். "இவ்வளவு நாளும் சனத்தை ஏமாத்தினியளோ?" என்று கத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவர் வெளியே ஓடினார். மரக்கறி லொறி வைத்திருந்த சிங்களவர் ஒருவரைக் கூட்டிவந்து, சாக்குகளின் மேல் அவளைக் கிடத்தி, பொலிஸ் மறித்த இடமெல்லாம் சிங்களத்தில் கெஞ்சி, பேராதனைப் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்.

"நல்லவேளை, கைமருந்து எதுவும் கொடுக்காமல் கொண்டுவந்தீர்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது," என்றார் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர்.

கண் விழித்ததும் மனைவி கேட்டாள்: "டொக்டர் எங்கை?"

வைத்தியர் புன்னகையோடு கட்டிலருகே வந்தார்.

"நீங்களில்லை ஐயா. எங்கட டொக்டர்."

கதவோரம் அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று எண்ணித் தமக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். நான்தான் போய் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்தேன்.