அண்டா சாருக்கு ஆறு நாற்காலி

வலது ஓரத்து நாற்காலியில் என் வீட்டுக்காரி செல்லக்கனி. அவளுக்குப் பக்கத்தில் சாரின் தங்கை மகள், பெங்களூரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கியவள். அடுத்து போதகர். அடுத்து தெரஸ்புரம் அந்தோணி, கணவாய் மீன் பிடிக்கிறவன். அடுத்து எங்கள் தெரு நலச் சங்கத் தலைவர், ஏன் ஃபிளக்ஸ் வைக்கவில்லை என்று கேட்க வந்தவர். இடது ஓரத்தில் மருத்துவக் கல்லூரி வண்டியின் டிரைவர். உடலை ஏற்றிப் போக வந்தவர். கையெழுத்து வேலை முடியட்டும் என்று அவரையும் உட்கார வைத்தோம். எதிரே ஐஸ் பெட்டிக்குள் அண்டா சார்.

நாற்காலி ஆறு. நான் டிரைவரைத் தாண்டி, குடோன் ஷட்டரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் எந்த வீட்டிலும் ஆள் கணக்கில் சேருவதில்லை. கல்யாணமோ கருமாதியோ, ஓரமாக நிற்க வேண்டியது. முடிந்ததும் அடுக்க வேண்டியது.

தூத்துக்குடியில் ஒன்றுமே தெரியாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால் அது அண்டா சார்தான். மூளை, நரம்பு என்று வெளிநாட்டிலும் பெங்களூரிலும் நாற்பது வருஷம் ஆராய்ச்சி செய்தவர். எதைக் கேட்டாலும் "தெரியலியே" என்பார். அவ்வளவு படித்துவிட்டு அதைச் சொன்னார். நான் மூன்றாம் வகுப்போடு நின்று அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு யாரும் மெடல் தரவில்லை.

அவருக்கு ஊர் நாசரேத் பக்கம். ஓய்வு பெற்று வந்து என் குடோன் மாடியில் வாடகைக்கு இருந்தார். தனியாள். வந்த வாரமே கீழே இறங்கி வந்து ஓர் அண்டா கேட்டார்.

"எத்தனை பேருக்குச் சமையல் சார்?"

"சமையல் இல்ல அண்ணாச்சி. ஒருத்தர் தங்குறதுக்கு."

"அண்டாவுலயா?"

"ரெண்டு நாளைக்குத்தான்."

தங்க வந்தவர் ஒரு கணவாய். அந்தோணி உயிரோடு வாளியில் கொண்டுவந்தான். பிரியாணி அண்டாவுக்குள் பிளாஸ்டிக் தாள் விரித்து, கடல் தண்ணீர் ஊற்றி, மீன் தொட்டிக்கு வைக்கிற காற்று மோட்டாரையும் போட்டார். சதுரத் தொட்டி என்றால் கணவாய் மூலையில் போய் முட்டிக்கொள்ளுமாம். வட்டமாக வேண்டுமாம். தூத்துக்குடியில் மனுஷனே மூலையில் முட்டிக்கொண்டுதான் குடியிருக்கிறான்.

"வறுக்கவா சார், குழம்பா?" என்று கேட்டேன்.

"பார்க்க" என்றார்.

முக்காலி போட்டு நாள் பூராவும் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முன்னால் போயிற்று, பின்னால் வந்தது. வேறொன்றும் செய்யவில்லை.

"இதோட நரம்புதான் அண்ணாச்சி எனக்குச் சோறு போட்டுச்சு. நூல் மாதிரி இருக்கும், கண்ணாலயே பார்க்கலாம். ஒவ்வொண்ணா வெட்டி எடுத்தேன். நீந்துததை நிம்மதியா ஒருநாளும் பார்க்கல."

இரண்டாம் நாள் அந்தோணியே அதை வாங்கிக்கொண்டு போய்க் கடலில் விட்டான். அடுத்த வாரம் வேறொன்று வந்தது. "பிடிச்சதுக்கும் காசு தாராவ, விட்டதுக்கும் காசு தாராவ" என்றான் அந்தோணி. "இன்னும் நாலு பேரு இப்படி இருந்தா ஒரே கணவாயை வச்சு நான் பிழைச்சிக்கிடுவேன்."

அன்றிலிருந்து அவர் அண்டா சார். சொந்தப் பெயர் வீட்டுக்குக் கூரியர் கொண்டுவருகிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மூளை டாக்டர் என்று ஒரு பேச்சு கிளம்பிற்று. தெருவில் ஓர் அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கணக்கு ஏறவில்லை, மூளைக்கு டானிக் எழுதித் தரவேண்டும். "எனக்கும் கணக்கு வராதும்மா" என்றார் சார். அவள் கீழே வந்து, ஊசி போடத் தெரியாத டாக்டர் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. அவரும் நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதியை ஒரு மெடல் கெடுத்தது. வெளிநாட்டிலிருந்து கூரியரில் வந்தது. கணவாய் துள்ளி வெளியே விழாமல் இருக்க அண்டாவின் வாயை வலையால் மூடியிருப்பார். அந்த வலை பறக்காமல் இருக்க மெடலை மேலே வைத்திருந்தார். சங்க வரி வசூலுக்கு மாடி ஏறிய தலைவர் அதை எடுத்துப் படித்துவிட்டார்.

பாராட்டு விழா. முந்நூறு நாற்காலி, மேடை, மைக் செட். எனக்கு ஆட்சேபணை இல்லை. 'தூத்துக்குடியின் மூளையே, வருக' என்று ஃபிளக்ஸ். அடித்த பையன் செல்போனில் ஏதோ மாநாட்டுப் படத்தைத் தேடி எடுத்து, சாருக்குப் பக்கத்தில் நின்ற ஆளை வெட்டி ஒட்டியிருந்தான். அது ஒரு வெள்ளைக்காரர். வந்த கூட்டம் முழுக்க, வெள்ளைக்காரர் காரில் வந்து இறங்குவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. "இதோ வந்துகொண்டே இருக்கிறார்" என்று தலைவர் மைக்கில் அரை மணி நேரம் ஓட்டினார்.

என்னிடம் லோடு ஏற்றும் மாசானம் வந்து காதில் சொன்னான். "அண்ணாச்சி, நம்ம சார் கடைசி வரிசையில உக்காந்து கை தட்டிக்கிட்டு இருக்காவ."

போனேன். "மேடைக்கு வாங்க சார்."

"எதுக்கு? தலைவர் நல்லாத்தானே பேசுதாரு."

"உங்களைப் பத்தித்தான் பேசுதாரு."

"அதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒண்ணுகூட எனக்குத் தெரியாத விசயமா இருக்கு."

பொன்னாடையை ஃபிளக்ஸுக்குப் போர்த்தினார்கள். கூட்டம் கலைந்ததும் சார் மாசானத்தோடு நின்று நாற்காலி அடுக்கினார். நேராக அடுக்கத் தெரியவில்லை. அதையும் தெரியவில்லை என்றே சொன்னார்.

அடுத்த வருஷம் செல்லக்கனிக்குப் பக்கவாதம் வந்தது.

ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தாள். இடது கையும் காலும் கொஞ்ச மாதத்தில் திரும்பிவிட்டன. பெரிய டாக்டர் இன்னும் ஏதோ சொன்னார். பாதி இங்கிலீஷ். மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன்.

என் தொழிலில் எண்ணுகிற வேலை அவளுடையது. திரும்பி வரும் நாற்காலிகளைக் குடோன் சுவரோரம் அடுக்கு அடுக்காக நிறுத்துவோம். அவள் நடுவில் நின்று ஒரு பார்வை பார்ப்பாள். சொன்னால் சொன்னதுதான். ஒருநாளும் பிசகியதில்லை. உடம்பு தேறியதும் பழையபடி வந்து உட்கார்ந்தாள். "பாதி குறையுதே" என்றாள்.

கல்யாண வீட்டுக்கு மாசானத்தை அனுப்பினேன். பெண்ணின் அப்பா என் கடைக்கே வந்துவிட்டார். "சம்பந்தி வீட்டாரு முன்னால என்னை சேர் களவாணி ஆக்கிட்டீயளே." அடுத்தது ஒரு காதுகுத்து வீடு. அங்கேயும் பாதி குறைந்தது. மூன்றாவது ஒரு துஷ்டி வீடு. செத்தவரின் மகன் மொட்டைத் தலையோடு வந்து சத்தம் போட்டான். ஊரே களவாணி ஆகிவிட்டது என்று முடிவு செய்தேன். செல்லக்கனி தப்பாக எண்ணுவாள் என்று நினைப்பதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது.

வீட்டிலும் ஒரு மாதிரிதான் இருந்தாள். தட்டில் பாதிச் சோறு கிடக்கும். "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்பாள். நக்கல் என்று நினைத்தேன். கட்டிலுக்கு இடப்பக்கம் நான் உட்கார்ந்து கூப்பிட்டால், வலப்பக்கம் சன்னலைப் பார்த்து "என்ன?" என்பாள். என் பக்கம் திரும்பவே மாட்டாள். கோபம் என்று நினைத்தேன். கோபப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. எனக்குத் தெரிந்ததே நாலைந்து. இனிமேல் இப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்தேன். அது எனக்குக் கை வந்த வேலை.

ஒரு மத்தியானம் அண்டா சார் வாடகை கொடுக்க வந்தார். செல்லக்கனி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நின்று பார்த்தார். பிறகு குனிந்து அவள் தட்டை அப்படியே அரை வட்டம் திருப்பி வைத்தார்.

"இது எப்ப போட்டீய?" என்று கேட்டுவிட்டு அவள் மீதிச் சோற்றையும் சாப்பிட்டாள்.

சார் என்னை வெளியே கூட்டிவந்தார்.

"கண்ணு நல்லாருக்கு அண்ணாச்சி. மூளையில இடப்பக்கத்தைக் கவனிக்கிற வேலை நின்னுபோச்சு. அங்கன ஒண்ணு இருக்குங்கிற நெனப்பே அவுகளுக்கு இல்ல. பாதிச் சேரும் அங்கனதான் இருக்கு. நீங்களும் அங்கனதான் உக்காந்திருக்கிய."

"கோபம் இல்லையா?"

"அது எனக்குத் தெரியல."

"பழையபடி வருமா சார்?"

"அதுவும் தெரியல அண்ணாச்சி."

அதுவரை வந்து பார்த்த எல்லோரும் சரியாகிவிடும் என்று சொல்லி, ஹார்லிக்ஸ் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தெரியாதவர்தான் மறுநாள் காலையில் படியிறங்கி வந்தார்.

குடோனில் எல்லாம் வெள்ளை நாற்காலி. ஒரே ஒரு சிவப்பு கிடந்தது, எந்த வீட்டிலிருந்து மாறி வந்ததோ. அதை வரிசையின் இடது கடைசியில் போடச் சொன்னார். "தங்கச்சி, சிவப்புச் சேர் கண்ணுல படுற வரைக்கும் திரும்புங்க. அதுக்கப்புறம்தான் எண்ணணும்." அந்தச் சிவப்பு நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். கையில் பேப்பர்.

தினமும் வந்தார். தினமும் உட்கார்ந்தார். அவளுக்குத் தெரியவே இல்லை. ஒருநாள் என்னிடம் கேட்கிறாள். "சார் ஏன் வரமாட்டேங்காவ? வாடகையை ஏத்திட்டியளோ?" சார் எட்டித் தொடுகிற தூரத்தில் இருக்கிறார்.

"இங்கனதான் இருக்கேன் தங்கச்சி" என்றார். அவள் வலப்பக்கம் குடோன் சன்னலைப் பார்த்து வணக்கம் சொன்னாள்.

மழை முடிந்து, உப்பளத்தில் மறுபடி பாத்தி கட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு காலையில் செல்லக்கனி கழுத்தைத் திருப்பினாள். திருப்பிக்கொண்டே போனாள்.

"பேப்பரைத் தலைகீழா வச்சிருக்கிய சார்" என்றாள்.

சார் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எத்தனை நாளாக அப்படித் தலைகீழாகப் பிடித்திருந்தாரோ. நானும் கவனிக்கவில்லை. எனக்குப் பக்கவாதம் வந்ததில்லை.

அதன்பின் எண்ணிக்கை சரியாக வந்தது. கல்யாண வீட்டுக்கும் காதுகுத்து வீட்டுக்கும் துஷ்டி வீட்டுக்கும் நானே போய்த் தலை குனிந்துவிட்டு வந்தேன். ஆனால் அவள் சரியாக எண்ணுவதெல்லாம் அந்தச் சிவப்பு நாற்காலி இருக்கிற இடத்தில்தான். அதை எடுத்துவிட்டால் பாதி உலகம் மறுபடி காணாமல் போகும். வீட்டில் நான் வலப்பக்கம் உட்காரப் பழகிக்கொண்டேன்.

"ஒருநாள் சேர் இல்லாமலே திரும்புவாக" என்றார் சார்.

"எப்ப சார்?"

கேட்டிருக்க வேண்டாம். பதில் எனக்கே தெரியும்.

போன மாதம் ஒருநாள் ஆர்டர் கொடுத்தார். "நான் போனா ஆறு சேர் போதும் அண்ணாச்சி. ஃபிளக்ஸ் வேண்டாம். உடம்பைப் பிள்ளைகள் படிக்கிறதுக்கு எழுதிக் கொடுத்தாச்சு. மூளையையும் சேர்த்துத்தான்."

"நீங்க பெரிய ஆள் சார். அறுநூறாவது போடணும்."

"போட்டா நான் எந்திரிச்சிக் கடைசி வரிசைக்குப் போயிருவேன்."

செய்யக்கூடிய ஆள்தான். முந்தாநாள் காலையில் படியிறங்கி வரவில்லை. மேலே போய்ப் பார்த்தேன். அண்டாவில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கணவாய் நீந்திக்கொண்டிருந்தது. அந்தோணி வந்து அதைக் கடலுக்குக் கொண்டுபோனான். காசு கேட்கவில்லை.

ஆறு நாற்காலி போட்டேன். எல்லாம் வெள்ளை. சிவப்பை வெளியே எடுக்கவில்லை. அது அவர் நாற்காலி. செல்லக்கனியை வலது ஓரத்தில் உட்கார வைத்தேன். மற்றவர்கள் எல்லோரும் அவளுக்கு இடப்பக்கம். அவள் ஐஸ் பெட்டியைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம் என்றுதான்.

"யாரு அண்ணாச்சி இவரு?" என்று டிரைவர் தலைவரிடம் கேட்டார்.

"பெரிய விஞ்ஞானி. மூளையைக் கரைச்சுக் குடிச்சவரு."

"கூட்டத்தைக் காணோம்?"

"எங்க கூட்ட விட்டாரு" என்றார் தலைவர். அவருக்கு அது நிஜமாகவே வருத்தம்.

போதகர் ஜெபம் முடித்தார். தங்கை மகள் எழுந்திருக்கப் போனாள். "அத்தை, எத்தனை காபி போடணும்?"

என்னைக் கேட்டிருக்கலாம். நான் வாயைத் திறந்தேன். செல்லக்கனி அதற்குள் விரலைத் தன் நெஞ்சில் வைத்து ஆரம்பித்துவிட்டாள். தங்கை மகள். போதகர். அந்தோணி. அந்தோணியோடு விரல் நின்றது. வழக்கமாக அவளுக்கு உலகம் முடிகிற இடம் அது. கழுத்து கொஞ்சம் அசைந்தது. தலைவர். இன்னும் கொஞ்சம். டிரைவர்.

அதற்கப்புறம் நாற்காலி இல்லை. ஷட்டர் இருக்கிறது. ஷட்டரில் சாய்ந்து நான் நின்றேன். கழுத்து திரும்பிக்கொண்டே வந்தது. கல்யாணமான புதிதில் பார்த்தது போல ஒரு பார்வை, நேராக என்மேல் நின்றது.

"ஏழு."