முப்பது கேள்விக்கும் அஞ்சு போட்ட பிளக்கு சார்

எங்கள் பிளக்கு சார் இருந்தவரைக்கும் பாகூர் வட்டாரத்திலேயே இடி தொட முடியாத ஒரே கம்ப்யூட்டர் எங்கள் ஊர் நூலகத்துக் கம்ப்யூட்டர்தான். இடி மட்டுமில்லை, வேறு யாருமே அதைத் தொட முடியாது என்பது தனி விஷயம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் நானே பார்த்திருக்கிறேன். ஊரில் யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. கண்ணில் படுகிற பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுவார், அதனால் பிளக்கு சார். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பாகூர் போகிற வழியில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. இரண்டே அறை நூலகம். அவர் நூலக உதவியாளர், நான் கூட்டிப் பெருக்குகிறவள். எட்டாவதோடு நின்றவள் நான். இதில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திப் போட்டுக்கொள்ளட்டும்.

மின்சாரத்தைப் பற்றி அவருக்கென்று ஒரு தனிப் படிப்பு இருந்தது. வில்லியனூரில் இடி இடித்தால் எங்கள் ஊரில் பிளக்கைப் பிடுங்க வேண்டும், ஏனென்றால் அது கம்பியிலேயே நடந்து வந்துவிடும் என்பார். பேப்பர் படிக்க வந்தவர் மூக்குக் கண்ணாடி துடைக்க எழுந்தால் போதும், ஃபேன் நின்றுவிடும். சுவர்க் கடிகாரத்துக்குப் பிளக் கிடையாது. அதற்காக அவர் விட்டுவிடவில்லை. தினமும் பூட்டும்போது அதன் பேட்டரியைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்துவிடுவார். லைப்ரரி மூடின பிறகு யாருக்கு மணி தேவை என்று கேட்பார். அதனால் எங்கள் நூலகத்தில் நேரம் வேலை நாட்களில் மட்டும்தான் ஓடியது. காலையில் எட்டே முக்கால் பஸ் போனதும் பேட்டரியைப் போட்டு, எட்டே முக்கால் என்று முள்ளைத் திருப்புவார். பஸ் லேட்டாக வருகிற நாளில் எங்கள் ஊருக்கே பொழுது லேட்டாகத்தான் விடியும்.

ஒரு தடவை ஊர் விழாவில் தலைவர் ஒருத்தர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். மேற்கே கை அகலத்துக்கு ஒரு கறுப்பு மேகம். பிளக்கு சார் மேடைக்குப் பின்னால் போனார். அவ்வளவுதான், தலைவர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஊரே அவரை வாழ்த்தியது, இடிக்காக இல்லை.

அப்படிப்பட்ட ஆளிடம்தான் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். அதைத் துண்டு போட்டுப் போர்த்தினார். சாயந்திரம் ஒயரை உருவிச் சுருட்டி, சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவார். கம்ப்யூட்டர் ஒயரில் சாம்பார் வாசனை அடிக்கிற நூலகம் வேறு எங்கேயும் இருந்திருக்காது.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. நூலக ஊழியர்களுக்குத் தொழில்நுட்பம் எவ்வளவு தெரியும் என்று கேட்கிற படிவம். முப்பது கேள்வி. சுத்தமாகத் தெரியாது என்றால் ஒன்று, மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்குத் தெரியும் என்றால் ஐந்து. எதற்காகக் கேட்கிறார்கள் என்பது பின்பக்கத்தில் அச்சாகியிருந்தது. ஊருக்கெல்லாம் புத்தகம் கொடுக்கிற எங்கள் ஆட்களில் ஒருத்தர்கூடப் பின்பக்கத்தைத் திருப்பவில்லை.

படிவம் வருவதற்கு முன்னாலேயே புரளி வந்துவிட்டது. கம்ப்யூட்டர் தெரியாதவர்களை எல்லாம் யானாமுக்கு மாற்றப் போகிறார்களாம். புதுச்சேரியில் அரசு வேலை பார்க்கிறவரிடம் யானாம் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், காய்ச்சல் வரும். நம் மாநிலம்தான், ஆனால் ஆந்திராவுக்கு நடுவில் இருக்கிறது. பேச்செல்லாம் தெலுங்கு. போய்ச் சேர ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆகும்.

பிளக்கு சார் அன்றைக்குச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. என்ன சார் என்று கேட்டேன்.

"செல்வி, தெலுங்கு கூட கத்துக்கலாம்மா. எங்க வூட்டுல அவளுக்கு யாரு தல வாருவா?"

அவர் மனைவிக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பிள்ளைகள் கிடையாது. தினமும் காலையில் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இவர்தான் பின்னல் போட்டுவிடுவார். நாலு கால் பின்னல்கூடப் போடுவார். இதை ஊரில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் பேனாவை எடுத்தார். முதல் கேள்விக்கு ஐந்து. இரண்டாவதுக்கு ஐந்து. இணையதளம் உருவாக்கத் தெரியுமா என்ற கேள்வியில் நான் அவர் கையைப் பிடித்தேன். தட்டிவிட்டு அதற்கும் ஐந்து போட்டார். கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றிய கேள்வி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "இதுல மட்டும் நான் பொய் சொல்லல," என்றார்.

முப்பது கேள்வி, முப்பது ஐந்து. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. யானாம் இல்லை. இவ்வளவு தெரிந்த ஆளை வீணாக்கக் கூடாது என்று, சுற்று வட்டார நூலக ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவரையே ஆசிரியராகப் போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் சனிக்கிழமை, எங்கள் நூலகத்திலேயே. மேலிடத்து மேடம் ஒருத்தர் நேரில் வந்து பார்ப்பார்.

எனக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் லேப்டாப்பில் நோண்டிக் கொஞ்சம் பழக்கம் உண்டு. ஒன்பது நாளில் அவரைத் தேற்ற வேண்டும். துண்டை எடுத்தோம். மவுஸை அவர் வயல் நண்டைப் பிடிக்கிற மாதிரி பின்பக்கமாகப் பிடித்தார். இரண்டு தடவை அழுத்துங்கள் என்றால் ஒரு தடவை அழுத்திவிட்டு, மரியாதையாகக் கொஞ்ச நேரம் காத்திருந்து, அப்புறம் இன்னொரு தடவை அழுத்துவார். அம்பு திரையின் ஓரத்துக்குப் போகவில்லை என்று மவுஸைத் தூக்கிக்கொண்டு சுவர் வரைக்கும் நடந்தார். பாஸ்வேர்டு போடச் சொன்னேன். ஒன்று யோசித்து வைத்துக்கொண்டார், ஆனால் டைப் பண்ண மாட்டேன் என்றுவிட்டார்.

"ரகசியம்னு நீதானே சொன்ன. அப்புறம் இன்னாத்துக்கு அதுங்கிட்ட சொல்லணும்?"

ஒன்பதாவது நாள் முடிவில் அவருக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றுதான். பிளக்கைச் சொருகுவது.

சனிக்கிழமை கல்யாணச் சட்டை போட்டு வந்தார். பத்து பேர் வந்திருந்தார்கள். சோரியாங்குப்பத்திலிருந்து மொபெட்டில் வந்த அக்கா ஒருத்தர் புது நோட்டும் மூன்று கலரில் பேனாவும் வைத்திருந்தார். மேடம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பிளக்கு சார் ஒயரை எல்லாருக்கும் தூக்கிக் காட்டிவிட்டு ஆரம்பித்தார். பிளக்குக்கு எத்தனை கால், பெரிய கால் எதற்கு, ஈரக் கையோடு ஏன் தொடக் கூடாது, அவர் சித்தப்பா வீட்டு டிவி எப்படி வெடித்தது, எல்லாம் சொன்னார். நாற்பது நிமிடம். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. அந்த அக்கா பிளக்கின் படத்தை மூன்று கலரிலும் வரைந்துவிட்டார்.

கடைசியில் மேடம், ஆன் பண்ணுங்க சார் என்றார். அவர் சொருகினார். மவுஸைப் பிடித்தார். அம்பு ஈ மாதிரி திரை முழுக்கப் பறந்தது. அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ஓர் இடி. எங்கேயோ, வில்லியனூரையும் தாண்டி. அவர் கை தானாகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டது.

பத்து பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். தப்பித்தோம் என்கிற மூச்சு. மேடம் எழுந்து நின்று, ஏன் எல்லாரும் மூச்சு விட்டீர்கள் என்று கேட்டார். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

பிளக்கு சார் ஒயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்தார்.

"மேடம், எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த முப்பதும் பொய்யி. யானாமுக்குப் போட்டுடுவீங்கன்னு பயந்து எழுதிட்டேன். எங்க வூட்டுல அவளுக்கு ஒரு கை வராது மேடம். என்ன எங்க வேணா போடுங்க, சாயந்தரம் வூட்டுக்கு வர்ற தூரத்துல போடுங்க."

அப்புறம் சோரியாங்குப்பத்து அக்கா கையைத் தூக்கினார். "மேடம், நானும் முப்பது அஞ்சு." அவருக்குப் பின்னால் இருந்தவர், தான் இருபத்தெட்டுதான் என்றும், இரண்டு கேள்விக்குச் சந்தேகம் வராமல் இருக்க நாலு போட்டதாகவும் சொன்னார். ஒவ்வொருத்தராகப் பத்து பேரும் ஒத்துக்கொண்டார்கள். பார்த்தால் அத்தனை பேரும் பொய், அத்தனை பேருக்கும் யானாம் பயம்.

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"யாருக்கு இன்னா பயிற்சி குடுக்கணும்னு தெரிஞ்சிக்கத்தான் சார் அந்தப் படிவம். பின்னாடியே போட்டிருக்கு. யானாம்லயும் எல்லாரும் முப்பது அஞ்சுதான் போட்டிருக்காங்க. ஏன்னு கேட்டா, தெரியலன்னா பாண்டிச்சேரிக்கு மாத்திடுவாங்கன்னு யாரோ சொன்னாங்களாம்."

புதுப் படிவம் கொடுத்து எல்லாரையும் உண்மையை எழுதச் சொன்னார். பிளக்கு சார் இருபத்தொன்பது ஒன்று போட்டார். பாதுகாப்புக்கு மட்டும் ஐந்துதான், அதில் அவர் இறங்கி வரவில்லை. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்ற இடத்தில், எங்க லைப்ரரியைப் பெருக்குற பொண்ணுக்கு எல்லாம் தெரியும், அவளையும் சேர்த்துக்கங்க என்று எழுதினார். சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சி இரண்டு மாதம் நடந்தது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அதிலிருந்து புத்தகப் பதிவெல்லாம் நான்தான் போடுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொள்வார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நெஞ்சு வலிக்குது என்று பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியத்தன்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியான அக்கா இடது கையால் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த ஆள் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் நன்றாகச் செய்வாரா என்று கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இந்தப் பக்கத்திலேயே அவரை மாதிரி ஆள் கிடையாதுக்கா என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார்.

"பொய் சொல்ற பாரு, அவர மாதிரியே. எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாருடி. மவுஸ எத்துனு செவுத்துக்கு நடந்தது வரைக்கும்."

அக்காதான் முதலில் சிரித்தார். அப்புறம் நானும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். பந்தலில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் திரும்பி எங்களை முறைத்தார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. பிளக்கு சார் அங்கே இருந்திருந்தால், வீடு என்பதையும் மறந்து, இது லைப்ரரி, சத்தம் போடாதீங்க என்று சொல்லியிருப்பார். அதை அவர் வந்து ஒரே ஒரு தடவை சொல்வதாக இருந்தால், நான் ஊருக்கே கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருப்பேன்.