கோல்ஃப் மட்டைக்கு அளவு கொடுத்த அன்று

ஐம்பதைத் தாண்டிய மனிதன் எதற்கு ஏங்கலாம் என்று ஊர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மகளுக்கு நல்ல இடம், முழங்காலுக்கு நல்ல தைலம், அவ்வளவுதான். நான் ஏங்கியது ஒரு சத்தத்துக்கு. சொன்னால் சிரிப்பார்கள் என்று பல வருடம் சொல்லாமலே இருந்தேன். கடைசியில் சொன்னேன். சிரித்தார்கள்.

கம்பத்தில் எனக்குப் பைப் கடை. திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுவதுதான் பிழைப்பு. ஒருமுறை பைப் கம்பெனிக்காரர்கள் எங்களைப் போன்ற கடைக்காரர்களை வேனில் ஏற்றி, மலைமேல் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஆளுக்கு ஒரு பந்து அடிக்கலாம் என்றார்கள். மற்றவர்கள் எல்லாரும் புல்லைப் பெயர்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். (சத்தியமாக மூடித்தான் இருந்தேன்.) பிஞ்சு வெள்ளரிக்காயை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். கையில் துளி அதிர்வு இல்லை. கண்ணைத் திறந்தால் பந்து யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. இறங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

ஒரே ஒரு பந்து. ஆனால் அதன்பிறகு கடையில் உட்கார்ந்து மேற்கு மலையைப் பார்க்கும்போதெல்லாம், அதற்கு மேலே ஒரு பந்து எவ்வளவு நேரம் நிற்கும் என்றே தோன்றும். வேலையை விட்டுப் போன ஓர் எஸ்டேட் மேனேஜரிடம் பழைய மட்டை செட் ஒன்றை வாங்கினேன். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நெல் போடாமல் விட்ட எங்கள் வயல் கிடந்தது. சாயங்காலம் கடையை அடைத்ததும் அங்கே போய்விடுவேன். ஏழு வருடம் அடித்தேன். மண்வெட்டி பாறையில் பட்டது போல முழங்கை வரைக்கும் சுரீரென்று ஏறுமே தவிர, அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை.

பிறகு செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். தப்பு ஆளிடம் இல்லை, ஷாஃப்டில் இருக்கிறது என்றார் அதில் பேசியவர். ஷாஃப்ட் என்பது மட்டையின் தண்டு. வீசுகிறவரின் வேகத்துக்குத் தக்கபடி அது வளைய வேண்டும், அதற்கு அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று விளக்கினார். எனக்கு உயிர் வந்தது. குறை என்னிடம் இல்லை, பைப்பில்தான். பைப் எனக்குத் தெரிந்த விஷயம்.

நித்யா என்றொரு பெண் பெங்களூரில் இந்த அளவெடுக்கும் வேலை செய்கிறார் என்று விசாரித்துக் கண்டுபிடித்தேன். காரிலேயே சாமான்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவாராம். தேக்கடிக்குப் போகிற வழியில் எங்கள் வயலில் இரண்டு மணி நேரம் நிற்கச் சொல்லிப் பத்துத் தடவை போனில் கெஞ்சினேன். பாவம், ஒத்துக்கொண்டார்.

அவர் வந்த அன்று பார்த்துப் பக்கத்துத் தோட்டத்தில் திராட்சை வெட்டு. வெட்ட வந்த பெண்கள் பதினைந்து பேர் தூக்குவாளியோடு வரப்பில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். என் மனைவி செல்வியின் தம்பி பாண்டியும் வந்திருந்தான். ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அவன்தான் அட்மின். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

நித்யா வயதைக் கேட்டார். ஐந்தைக் குறைத்துச் சொன்னேன். எந்த மாதிரி ஷாஃப்ட் எதிர்பார்க்கிறீர்கள் என்றார். கையில் எனக்குக் கொஞ்சம் பலம் அதிகம், ஸ்டிஃப்பாக, லேசில் வளையாத ரகமாகத்தான் தேவைப்படும் என்றேன். பாண்டி இருமினான்.

வேகத்தை அளக்க, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மெஷினைப் பந்துக்குப் பின்னால் வைத்தார். எந்த ஷாஃப்ட் எந்த ரகம் என்று தெரிந்தால் ஆட்கள் மனசுக்குப் பிடித்ததையே தேர்ந்தெடுப்பார்களாம். அதனால் ஒவ்வொரு ஷாஃப்டிலும் ரகத்தைக் காட்டும் எழுத்தின் மேல் டேப் ஒட்டி, ஒவ்வொன்றாகக் கொடுத்தார். முதல் மூன்றும் பழையபடி சுரீர்.

நான்காவதை வீசினேன்.

வெள்ளரிக்காய் ஒடிந்தது. கையில் ஒன்றுமே இல்லை. பந்து தென்னந்தோப்புக்கு மேலே ஏறி, மலைக்கு நேராக நின்றது. எனக்குக் கண் மறைத்தது. "இதுதாம்மா. இதுக்குத்தான் ஏழு வருசமா…" என்று தொடங்கியவனால் முடிக்க முடியவில்லை.

வரப்பில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே என்ன அழுகுறாகளா?"

மெஷினைப் பார்த்த நித்யாவுக்கும் சந்தோஷம். உங்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது சார் என்று சொல்லி டேப்பை உரித்தார். பாண்டி குனிந்து படித்தான்.

"எல்லுன்னு போட்டுருக்கு. எல்லுன்னா என்னங்க?"

"லேடீஸ்," என்றார் நித்யா, கள்ளங்கபடமில்லாமல். அது வெறும் பேருதான், மென்மையாக வீசுகிற ஆண்களும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்ன மிச்சம் யார் காதிலும் விழவில்லை. பதினைந்து பேர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. "அப்ப அண்ணன் நம்ம செட்டுதான்" என்று ஒரு குரல் வந்தது.

இப்போது நினைத்தாலும் அன்று நானாக நின்ற அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கத் தோன்றுகிறது. ஏழு வருடம் ஏங்கியது கைக்குள் இருக்கிறது. வாயைத் திறந்து சரி என்று சொன்னால் போதும். அவன் என்ன சொன்னான் தெரியுமா? அது சும்மா தட்டிப் பார்த்தது, நிஜமாக அடித்தால் தாங்காது, இருப்பதிலேயே கெட்டியானதை எடுங்கள் என்றான்.

மோர் கொண்டுவந்த செல்வி பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இருவத்தாறு வருசமா ஒங்க ஒரு எழுத்த என் பேருக்கு முன்னாடி சொமந்துக்கிட்டுத் திரியிறேன். ஒங்களுக்கு இந்த ஒரு எழுத்து கனக்குதாக்கும்."

நித்யா நீட்டிய கெட்டித் தண்டை வாங்கினேன். வீசினேன். பலம் முழுவதையும் திரட்டி, பதினைந்து பேரும் பார்க்கும்படி. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. நான்தான் சுற்றினேன். அதே வெள்ளரிக்காய்ச் சத்தம், இந்தமுறை இடுப்பில். பாதம் வரப்பைப் பார்க்க, நெஞ்சு தோப்பைப் பார்க்க, அப்படியே நின்றுவிட்டேன். திருப்ப முடியவில்லை.

சிரித்த பெண்களே ஓடிவந்து தாங்கினார்கள். கார் சீட்டில் மடக்க முடியாததால், திராட்சை ஏற்ற வந்த மினி லாரியில் பழப் பெட்டிகளுக்கு நடுவே நீளமாகக் கிடத்தினார்கள். நித்யா பயந்த முகத்தோடு லாரிக்குப் பக்கத்தில் வந்து, எதை ஆர்டர் போடட்டும் சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றார். வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "ஸ்டிஃப்."

"அதான் ஆயிட்டீகளே மாமா," என்றான் பாண்டி.

அந்த ஸ்டிஃப் ஷாஃப்ட் மட்டை வந்தது. இடுப்பு தேற மூன்று மாதம் ஆயிற்று. தேறிய பிறகு இரண்டு வருடம் அதை வைத்து வயலை உழுதேன் என்றே சொல்லலாம். முன்பு அந்தச் சத்தம் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் ஏங்கினேன். இப்போது இடம் தெரிந்தே ஏங்கினேன். இது அதைவிட மோசம்.

ஒருநாள் தாங்காமல் நித்யாவுக்குப் போன் போட்டேன். என் மனைவிக்கு விளையாட ஆசை வந்துவிட்டது, அந்த எல் போட்டது ஒன்று வேண்டும் என்றேன். செல்வி பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. மேடம் என்ன உயரம் சார் என்று கேட்டார் நித்யா. எந்தத் தண்டையும் உயரத்துக்குத் தக்கபடிதான் வெட்டுவார்கள். செல்வி ஐந்தடிக்கு ஒரு விரல் கம்மி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அஞ்சடி எட்டு" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் அதை எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "மேடம் நல்ல உயரம் சார்," என்றார் பிறகு. ரொம்ப மரியாதையான பெண்.

பார்சல் செல்வியின் பெயருக்கு வந்தது. அவளே கையெழுத்துப் போட்டு வாங்கினாள். இடுப்பு பழையபடி சுழல்வதில்லை என்பதால், நாற்பது பந்து அடித்தால் ஒன்றுதான் அந்த மாதிரி போகிறது. சில நாள் அதுவும் இல்லை. அந்த ஒன்று எப்போது வரும் என்று தெரியாததால், இருட்டுகிற வரைக்கும் நின்றுவிடுகிறேன்.

வீட்டுக்கு யாராவது என்னைத் தேடி வந்தால், செல்வி உள்ளே இருந்தே சொல்வது முன்கேட் வரைக்கும் கேட்கும்.

"அஞ்சடி எட்டு மேடம் வயலுக்குப் போயிருக்காக. உக்காருங்க, வர நேரமாகும்."