பொட்டு வைத்த லிப்ஸ்டிக்

பக்தி இருந்தால் வியாபாரம் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன். அம்மனுக்குப் புடவை வாங்க வைத்திருந்த பணத்தில் ஒரு பெட்டி நிறைய லிப்ஸ்டிக்கும் நெயில் பாலிஷும் வாங்கி வந்தேன்.

என் வீட்டுக்காரருக்குக் கால் முறிந்து தேறியபோது, ஆடியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பட்டுப்புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். சேர்த்த பணம் நூல் புடவைக்குத்தான் காணும். பாண்டியில் மொத்தக் கடையில் மேக்கப் சாமான் எடுத்துச் செல்போனில் விற்றால் பணம் இரட்டிக்கும் என்று கேள்விப்பட்டேன். (சொன்னது யார் என்று கேட்காதீர்கள். வில்லியனூர் பஸ்ஸில் முன் சீட்டில் யாரோ யாரிடமோ சொன்னது.)

என் மகள் சௌமியா, விற்கிற ஆப்பைத் திறந்து கொடுத்தாள். எடுத்ததுமே அது கேட்டது: ஒரே விலையா, ஏலமா?

“வெல போட்டுடும்மா. ஒவ்வொண்ணா தனித்தனியா போடு,” என்றாள்.

“உனக்கு இன்னா தெரியும்? வருஷா வருஷம் தீமிதி முடிஞ்சு கோயில்ல எலுமிச்சம்பழம் ஏலம் வுடறாங்களே, ஒரு ரூபாயில ஆரம்பிச்சு எங்க போய் நிக்குது? ஒத்தப் பழத்துக்கே அப்படின்னா லிப்ஸ்டிக்குக்கு?”

“அது சாமி பழம்மா.”

“இதையும் சாமி முன்னாடி வெச்சிட்டா போச்சு.”

வைத்தேன். பூஜை அறையில் பெட்டியைப் பிரித்துப் பரப்பி, ஒவ்வொரு மூடிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, சூடம் காட்டி, அந்தக் கோலத்திலேயே போட்டோ எடுத்தேன். மொத்தப் பெட்டியும் ஒரே ஏலம். ஆரம்ப விலை ஒரு ரூபாய். இதற்குக் குறைந்தால் கொடுக்க மாட்டேன் என்று ஒரு விலையைக் குறிக்கவும் ஆப்பில் இடம் இருந்தது. அம்மன் மேல் பாரத்தைப் போட்ட பிறகு அவளிடமே கறார் பேசுவதா என்று அதைக் காலியாக விட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் ஏலம் முடியும். லிங்க்கைச் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போட்டேன்.

முதலில் வந்தது ஏலம் இல்லை, கேள்வி. முகம் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள்: “அக்கா, மூடி மேல எல்லாம் செவப்பா இருக்கே. யூஸ் பண்ணதா?”

“இல்லம்மா, பூஜை பண்ணது,” என்று பதில் போட்டேன். அவள் அப்புறம் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, கை கூப்புகிற பொம்மையைப் போட்டுவிட்டுப் போனார்கள். (அத்தனை கும்பிடு எங்கள் ஊர்ப் பூசாரிக்குக்கூட விழாது.)

அதற்குள் பாகூரில் இருக்கும் என் பெரிய நாத்தனார் நூற்றியொரு ரூபாய் கேட்டார். இனி ஏறும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் என் கொழுந்தன் மனைவி மல்லிகாவுக்குப் போன் போட்டேன்.

“இன்னா மல்லிகா, நீ கேக்கலியா?”

“நான் எப்படிக்கா கேப்பேன்? பெரிய அண்ணி கேட்டிருக்காங்க. அவங்களுக்கு மேல கேட்டுட்டு நாளைக்கு அவங்க வூட்டு வாசப்படி மிதிக்க முடியுமா?”

“மத்தவங்க?”

“எல்லாருக்கும் அதே பயந்தான். சித்தி எரநூறு கேக்கலாம்னு இருந்தாங்களாம். சித்தப்பா அதட்டிட்டாராம்.”

விளக்கு ஏற்றினேன். ஏலம் முடிந்தது. உங்கள் பொருள் விற்றுவிட்டது, வாழ்த்துகள் என்று ஆப் திரை முழுக்கப் பட்டாசு வெடித்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் தாம்பூலத் தட்டோடு வந்து இறங்கினார். வெற்றிலை பாக்கின் மேல் ஒரு நூறு ரூபாய் நோட்டு, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயம்.

“மொத வியாபாரமாச்சே, நம்ம கையால போணி ஆவட்டும்னு கேட்டேன். ஒருத்தரும் மேல கேக்கல பாரு. ஆத்தா எனக்குன்னே வெச்சிருக்கா,” என்று பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சாமி முன்னால் வைத்து விட்ட ஏலம். வாய் திறக்க முடியுமா? சௌமியா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினாள்.

ஆடி வெள்ளியும் வந்தது. அந்த நூற்றியொரு ரூபாய்க்கு ஒரு ரவிக்கைத் துணிதான் கிடைத்தது. அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு, தலை நிமிராமல் சன்னதியில் நின்றேன். பக்கத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நாத்தனார் பெட்டியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. பிரசாதம் என்று எல்லோருக்கும் பங்கு போட்டிருந்தார். மாமியார் முதல் மல்லிகா வரை அத்தனை உதடும் ஒரே கருஞ்சிவப்பு. சூடத் தட்டோடு வந்த பூசாரி ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

“இன்னாம்மா, கோயிலுக்கு வரும்போது குடும்பத்தோட வெத்தலையா?”

அழுதுகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாயே, அடுத்த ஆடி வரைக்கும் பொறுத்துக்கோ என்று கும்பிட்டேன்.

பொறுத்துக்கொண்டாள். திரும்பவும் சிறுகச் சேர்த்துச் சரக்கு எடுத்து, சௌமியா போட்ட விலையில், ஒவ்வொன்றாக, பொட்டு வைக்காமல் விற்று மறு வருஷம் பட்டுப்புடவை சாத்தினேன். வீட்டில் இருப்பவர்கள்தான் இன்னும் பொறுக்கவில்லை. எங்கள் தோட்டத்துத் தேங்காயை வாங்க வியாபாரி வண்டியை நிறுத்தினால் போதும், என் வீட்டுக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: “சௌமியா, வெல பேசி முடியற வரைக்கும் அம்மாவ எங்கனா கூட்டிட்டுப் போ.”

நானும் மறுபேச்சு இல்லாமல் செருப்பை மாட்டுவேன். அப்போது பார்த்து மாமியார் கேட்பார்: “அந்தச் செவப்பு தீந்துபோச்சுடி. அடுத்த ஏலம் எப்ப வுடுவ?”