வட்டம் போட்ட சிலேட்டு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஓலைக் கூரையடியில் ஒரே ஒரு பெஞ்சோடு தொடங்கியவன் நான். ஓடு போட்ட ஓட்டல், மூன்று ஆட்டுரல், சொந்தக் கிணறு, இரண்டு தங்கைகளின் கல்யாணம், எல்லாம் ஒண்டியாக நின்று உண்டாக்கினேன். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. (வாத்தியார் வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை.)

நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம். எங்கள் ஊர்க்காரன் தாணு, வயது இருபத்திரண்டு, மனநோய் ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் இருந்துவிட்டு வந்தான். எந்தக் கடையிலும் அவனைச் சேர்க்கவில்லை. நான் தோசைக்கல்லில் நிறுத்தினேன். தோசை பூப்போல வரும். ஒரே சங்கடம், அவன் காதுக்குள் யாரோ பேசுவார்கள். நானோ கூடத்தில் நின்று, "ரெண்டு தோசை, ஒரு ஊத்தப்பம்!" என்று அடுக்களைக்குக் கூவுவேன். (என் குரல் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வரை கேட்கும்.) எது என் குரல், எது காதுக்குள் குரல் என்று அவனால் பிரிக்க முடியவில்லை. ஆளே இல்லாத நேரத்தில் பன்னிரண்டு தோசை சுட்டு அடுக்கியிருப்பான்.

தலைமைச் சமையல்காரர் கேசவபிள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். "இன்னொரு மட்டம் மாவு பாழாச்சுன்னா, ஒண்ணு அவன், இல்லெங்கி நான். பறஞ்சிட்டேன்."

தாணு என்னிடம் வந்தான். "அண்ணாச்சி, கூவாண்டாம். சிலேட்டுல எழுதித் தாங்கோ. எழுத்துன்னா கண்ணால பாத்துக்கிடலாம்லா."

நல்ல யோசனை. எனக்கு எழுதத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை. "அதுக்கென்னடே, நாளைக்கே செய்தாப் போச்சு" என்றேன். முதலாளி அல்லவா!

மறுநாள் காலை, என் சின்னத் தங்கையைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து ஏழு பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முதலில் என் ஓட்டலில் பலகாரம். மாப்பிள்ளையின் அப்பாவிடம், நான் ஏழாம் வகுப்பு பாஸ் என்று ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தேன். அவர்கள் இட்லி, தோசை, ஊத்தப்பம், வடை என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். நான் சிலேட்டை மறைத்து வைத்துக்கொண்டு படம் வரைந்தேன். அப்போதுதான் உறைத்தது, நம் பலகாரத்தில் வட்டமில்லாதது ஒன்றுமே இல்லை! வடைக்கு நடுவில் ஓட்டை போட்டேன். மற்றதெல்லாம் சின்ன வட்டம், பெரிய வட்டம், அதைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம்.

உள்ளே கொடுத்த சிலேட்டோடு தாணு கூடத்துக்கே வந்துவிட்டான். பின்னாலேயே கேசவபிள்ளை.

"அண்ணாச்சி, இதுல இட்லி எது, ஊத்தப்பம் எது? எல்லாம் பௌர்ணமியால்லா இருக்கு!"

மாப்பிள்ளையின் அப்பா எட்டிப் பார்த்தார். "ஏழாங்கிளாஸ்ல இதைத்தான் படிப்பிச்சாவளா ஓய்?"

ஏழு பேரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் தாணு சிரித்து அன்றுதான் பார்த்தேன். என் முகத்தில் தோசை வார்த்திருக்கலாம், அவ்வளவு சூடு.

தாணு என் கையிலிருந்த சாக்குக்கட்டியை வாங்கினான். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, வாய் அசைவதைப் பார்த்துக் கேட்டு, எழுதிக்கொண்டு போனான். ஏழு இலையிலும் கேட்டது கேட்டபடி விழுந்தது. ஒரு தோசை மிச்சமில்லை.

கேசவபிள்ளை என்னைப் பார்த்து, "அவன் நிக்கட்டு. போணும்னா நீங்க போங்கோ, மொதலாளி" என்றார்.

தாணு அந்தக் கல்லடியில் முப்பது வருஷம் நின்றான். குரல்கள் முழுசாகப் போகவில்லை. இடையிடையே ஆஸ்பத்திரிக்குப் போய்வருவான். அவன் இடம் அவனுக்காகக் காத்திருக்கும். எனக்கு எழுத்து சொல்லித் தந்தவனும் அவன்தான். தங்கை கல்யாணமும் அந்த மாப்பிள்ளையோடேயே நடந்தது. இன்றும் எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையாவது பரீட்சையில் சைபர் வாங்கினால், "தாத்தா ஆர்டர் எடுத்திருக்காரு" என்பார்கள்.

சிரிக்கட்டும். ஆனால் ஆர்டரைச் சிலேட்டில் எழுதும் முறையைக் கொண்டுவந்தவன் தாணு என்று, அவன் படத்தோடு ஓட்டல் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறான் என் மகன். முதல் ஆர்டரைச் சிலேட்டில் போட்டது யார்? வட்டமாக இருந்தால் ஆர்டர் இல்லையா? என் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். தாணு பெயருக்கு மேலே.