வாய் நிறைய நல்லெண்ணெய்

வாயில் நல்லெண்ணெயை விட்டுக்கொண்டு பேசாமல் நிற்பது பாகீரதிக்கு முதல் நாளே பெரும்பாடாக இருந்தது. பால்காரன் அவள் கண்ணெதிரே பாலைத் தண்ணீராக ஊற்றிவிட்டுப் போனான். கையை ஆட்டினாள். அவன் ஏதோ விடைகொடுப்பதாக நினைத்து, பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஈறு வீங்கி நாளாயிற்று. கிராம்பு வைத்துப் பார்த்தாள், உப்பும் உமிக்கரியும் தேய்த்துப் பார்த்தாள்; வலி ஏறியதே தவிர இறங்கவில்லை. கல்லிடைக்குறிச்சியில் நடந்த கல்யாணத்துக்குக்கூடக் கணவன் சேஷனைத் தனியாக அனுப்பிவிட்டுத் திருவனந்தபுரம் கரமனையிலேயே இருந்துவிட்டாள்.

சேஷன் சர்க்காரின் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. வீட்டில் பருப்பு தீர்ந்தது என்றால் பல தரம் சொன்ன பிறகுதான் அவன் காதில் விழும். அப்படிப்பட்டவன் கல்யாணத்திலிருந்து திரும்பிய மறுநாளே சாலைக் கடைத்தெருவுக்குப் போய், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் வாங்கி வந்தான்.

"தினம் கார்த்தாலே ஒரு கரண்டி வாயிலே விட்டுண்டு நன்னாக் கொப்பளி. வெளுத்து நுரைக்கிற வரைக்கும் துப்பப்படாது, பேசவும்படாது. ஈறுக்கு இதைவிட ஒண்ணு கிடையாதாக்கும்" என்றான்.

பாகீரதிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்த மனுஷருக்குள்ளேயும் இவ்வளவு கரிசனம் இருந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, பால்காரன் போன பிறகு அவள் கிணற்றடியில் கன்னம் உப்ப நின்றிருந்தபோது சேஷன் வந்தான். கொஞ்ச நேரம் வாளியைப் பார்த்தான், வாழையைப் பார்த்தான். பிறகு, அவள் கோபமாக இருக்கிறாளா என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள்.

"நீ பேசாம நிக்கறதைப் பார்த்தா எனக்கு என்னவோ பண்றது. சொல்லிடறேன். அந்தக் கல்சட்டியை உடைச்சது பொன்னம்மை இல்லே. நான்தான்."

பாகீரதி திடுக்கிட்டாள். அந்தக் கல்சட்டிக்காகத்தான் பாத்திரம் தேய்க்கும் பொன்னம்மையை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தாள். அன்றிலிருந்து கரிப்பானை தேய்ப்பதெல்லாம் பாகீரதியின் தலையில்தான். எண்ணெயைத் துப்பிவிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாழையடிப் பக்கம் குனிந்தவள், சட்டென்று நின்றாள். சும்மா நின்றதற்கே இவ்வளவு வெளியே வருகிறதென்றால், இன்னும் கொஞ்சம் நின்றால் என்னென்ன வருமோ? உதட்டை இறுக மூடிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

கணக்குத் தப்பவில்லை. சேஷன் துண்டைத் திருகிக்கொண்டு அடுத்ததைச் சொன்னான். அவள் தினமும் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டை அவன் தொடுவதே இல்லையாம். கச்சேரிப் பியூன் தங்கப்பன்தான் சாப்பிடுகிறானாம். சேஷன் மத்தியானத்தில் பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் அடையும் அவியலும் சாப்பிடுகிறானாம்.

ஒரு தரம் வீட்டுக்குக் கச்சேரிக் காகிதக் கட்டு கொண்டுவந்த தங்கப்பன், அவள் கைப் புளியோதரைபோல் திருவனந்தபுரத்தில் எங்கும் கிடையாது என்று உருகியதன் காரணம் பாகீரதிக்கு இப்போதுதான் விளங்கிற்று.

எண்ணெய் நுரைத்து வாய் நிரம்பியிருந்தது. தாடை வலித்தது. கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் துப்பவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அடியில் கிடப்பதை விடுவதாவது!

"கண் கலங்காதே, பாகீ. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். சூடாமணி அக்கா இன்னிக்கு மத்தியான வண்டியிலே வரா, குழந்தைகளைக் கூட்டிண்டு. கோடை முழுக்க இங்கேதான். நீ ஆலப்புழைக்கு வரலேன்னு உன் தம்பிக்கு நான் எழுதிப் போட்டுட்டேன்."

தம்பி புதுவீடு கட்டி அழைத்திருந்தான். பொங்கல் கழிந்ததிலிருந்து பாகீரதி அந்தப் பயணத்தை நினைத்தே நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். என்ன சொல்ல வந்தாளோ, வாயைத் திறக்க நினைத்த வேகத்தில் அத்தனை எண்ணெயும் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. பேச்சுக்குப் பதிலாக ஒரு ஏப்பம் வந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

திரும்பி வந்து திட்டலாம் என்று தொடங்கும்போதெல்லாம் மறுபடி ஓட வேண்டியதாயிற்று. அதற்குள் சேஷன், கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்படி அன்பாகச் சொல்லிவிட்டு, குடையோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டான்.

மத்தியானம் ஜட்கா வந்து நின்றது. குழந்தைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடின. சாமான்களை இறக்கி வைத்த சேஷன், கச்சேரியில் அவசர வேலை என்று அதே ஜட்காவில் ஏறிக்கொண்டான். சூடாமணி நேரே உள்ளே வந்து, சுருண்டு கிடந்த பாகீரதியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, என்ன உடம்பு என்று கேட்டாள்.

நாத்தனாரின் மேல் அடுக்கி வைத்திருந்த கோபம் அந்தக் கை பட்டதும் கொஞ்சம் தளர்ந்தது. ஈறு வலியையும் எண்ணெயையும் பாகீரதி ஈனஸ்வரத்தில் சொன்னாள். காலையில் நடந்ததைச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் பெருமை ஏறியது.

"ஒரு வார்த்தை பேசலே, அக்கா. வாயை மூடிண்டு நின்னே உங்க தம்பிகிட்டேயிருந்து அத்தனையையும் கறந்துட்டேன்."

சூடாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"போடி அசடு. 'இத்தனையையும் அவகிட்டே எப்படிச் சொல்லுவேன் அக்கா'ன்னு கல்யாணத்திலே அவன் அழாத குறையா நின்னான். 'ஈறு வலிதானே அவளுக்கு? முதல்லே எண்ணெயை வாங்கிக் கொடு, அது வாயிலே இருக்கறச்சே சொல்லு'ன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."